மூலிகையாம் மூலிகை! ரத்தக் குழாயைக் கேட்டுப் பாருங்க!

சென்ட்ரல் ஸ்டேஷனில் பையைத் திறந்தால் கஞ்சா. இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது, ஜெயிலில் அடைப்பு. எழுதி எழுதி எனக்குக் கையே ஓய்ந்துவிட்டது. பிடிபட்ட கிலோவுக்குக் கணக்கு இருக்கிறது. பிடிபடாமல் பொட்டலமாகப் போனது உடம்புக்குள் என்ன செய்கிறது?

"சிகரெட்டுதான் சார் கெடுதல். இது செடி, மூலிகை" என்றார் டீக்கடையில் ஒரு வாலிபர். புகையிலை மட்டும் என்ன, பாறையிலா முளைக்குது?

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 55 பேரைச் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் சிகரெட் பழக்கம் கிடையாது. சிலர் கஞ்சா புகைப்பவர்கள். சிலர் அதன் போதைச் சத்தைத் தின்பண்டமாகத் தின்பவர்கள். மற்றவர்கள் எதையும் தொடாதவர்கள். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, சட்டென்று அவிழ்த்துவிடுவார்கள். ரத்தம் குபீரென்று பாயும். நல்ல குழாய் அதற்குத் தக்கபடி விரிந்து கொடுக்கும். ஸ்கேன் வைத்து அதை அளப்பார்கள். கஞ்சா ஆசாமிகளுக்கு அந்த விரியும் சக்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது! புகைத்தவருக்கும் அதே கதி, தின்றவருக்கும் அதே கதி.

55 பேர் சின்னக் கணக்குதான். அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2001-லேயே அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை விசாரித்திருக்கிறார்கள். கஞ்சா இழுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் ஆபத்து 4.8 மடங்கு என்று தெரிந்தது.

பக்கத்தில் நிற்கிறவன் கதை இன்னும் மோசம். 2016-ல் அதே சான் பிரான்சிஸ்கோவில் எலிகள் மேல் ஒரே ஒரு நிமிஷம் புகை விட்டார்கள். சிகரெட் புகை பட்ட எலியின் குழாய் அரை மணியில் தேறிவிட்டது. கஞ்சாப் புகை பட்ட எலிக்கு ஒன்றரை மணி ஆகியும் தேறவில்லை. போதைச் சத்தை எடுத்துவிட்ட கஞ்சாப் புகையும் அதே வேலையைக் காட்டியது. மாடிப்படியில் கும்பலாக நின்று ஊதும்போது உள்ளே தூங்குகிற குழந்தை ஞாபகம் வரணும்.

இன்னொன்று. 1985-ம் வருடச் சட்டப்படி கஞ்சா இழுப்பதே குற்றம். அந்தப் பயத்தில், நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் "ஒரு பழக்கமும் இல்லை டாக்டர்" என்று சாதித்துவிடலாம். இருபத்தஞ்சு வயசுப் பையன் என்றால் வாயுத் தொல்லை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பவும் கூடும். டாக்டர் லத்தி வைத்துக்கொண்டு நிற்கவில்லை தம்பி. அவரிடமாவது உண்மையைச் சொல்லித் தொலை.