மனநோவும் முற்போக்காளரும்

‘அங்கொடை’ என்பது இந்நாட்டிலே வெறும் ஊர்ப்பெயராக வழங்குவதில்லை. அது ஒரு வசைச்சொல். வகுப்பறையிலே மாணவன் மாணவனை ஏசுவதற்கும், அரசியல் மேடையிலே ஒரு கட்சியார் மறு கட்சியாரை இகழ்வதற்கும் அச்சொல் எளிதிற் கைகொடுக்கின்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இத்தீவின் மக்கள் யாவரும் ஒற்றுமைப்பட்டு வழங்கும் சொற்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்றாயிருப்பது வெட்கத்துக்குரியது.

இவ்வசை தானாக முளைத்ததன்று. 1873 ஆம் ஆண்டிலே குடியேற்ற ஆட்சியினர் சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றினர். 1926 ஆம் ஆண்டிலே அங்கொடையிற் பெரிய மனநோய் வைத்தியசாலை திறக்கப்பெற்றது. மனநோயாளி என்பவன் நீதிமன்றத்தின் விசாரணைக்குப் பின் மதிலுக்குள்ளே அடைக்கப்பட வேண்டியவன் என்ற எண்ணம் இவ்வாறு மக்கள் மனத்தில் வேரூன்றியது. 2008 ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாயிற்று. பெயர் மாறியது, நோக்கும் பெரிதும் மாறியது. மாறாதது எம்முடைய நாக்கு ஒன்றே.

இதனால் விளைந்த கேடு யாது? ஒருவர் முழுச் சுகதேகியாக இருத்தல் வேண்டும், அன்றேல் பைத்தியமாக இருத்தல் வேண்டும்; இவ்விரண்டுக்கும் இடையில் வேறு நிலை இல்லை என எம்மவர் நம்பிவிட்டனர். ஆனால், மனநோய்களுள் மிகப் பெரும்பாலானவை அந்த இடைவெளியிலேதான் கிடக்கின்றன. மனச்சோர்வும் பதகளிப்பும் அவற்றுள் முதன்மையானவை. இந்நோயுற்றவர் தெருவில் ஓடுவதில்லை. தமக்குள்ளே பேசிச் சிரிப்பதில்லை. கடமைக்குச் செல்கின்றார்; வரவுப் பதிவேட்டிலே கையொப்பமிடுகின்றார். ஆயின் பின்னிரவு மூன்று மணிக்கு விழித்தெழுந்து விடியும்வரை முகட்டைப் பார்த்துக் கிடக்கின்றார். விரும்பி உண்டது வெறுக்கின்றது. விரும்பிப் படித்தது ஏறுவதில்லை. எம் கிராமத்தவர் இதனை ‘ஒரே யோசினை’ என்பர், ‘பெருமூச்சு’ என்பர், நெஞ்சிடி, உடம்பெரிவு என்பர். ஆண்டுக்கணக்கில் வயிற்று மருந்தும் நெஞ்சு மருந்தும் உண்டு, மனத்துக்கு மருந்துண்டு என்பதை அறியாமலே வாழ்நாளைக் கழிப்போர் எத்துணைபேர்!

இது ஒருசிலரின் துயர் அன்று. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 7 பேரிடம் போர் நெருக்கீட்டின் மனவடுவையும் கண்டது. நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பொன்றிலே எத்தனை வீடுகளின் துயர் வந்து அமர்ந்திருந்தது என்பதை ஆசிரியர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

எம் நண்பர் ஒருவரைப் பற்றி இங்கு கூறுதல் வேண்டும். கணிதம் கற்பிப்பதில் வல்லவர். ஆசிரியர் சங்கத்தின் முன்னணித் தொண்டர். இரு ஆண்டுகளாக அவருக்கு நித்திரை இல்லை. கரும்பலகையின் முன்னே நின்று அடுத்த வரி நினைவுக்கு வராமற் கலங்கினார். அவர் மூவரிடம் மனந்திறந்தார். மூத்த உறவினர், ‘இது செய்வினை, நூல் கட்டவேண்டும்’ என்றார். கல்வித்துறையிற் பெரிய பதவி வகித்த ஒருவர், ‘நீர் படித்த மனிதர், மனத்தைத் திடப்படுத்தும்’ என்றார். மூன்றாமவர் எம் வட்டத்துத் தோழர். அவரோ, ‘தோழர், இவையெல்லாம் மத்தியதர வர்க்கத்தின் தனிமனித நோய்கள்; மக்களோடு கலந்து வேலைசெய்யும், தானே பறந்துவிடும்; சமுதாயம் மாறினால் இந்நோயும் மாறும்’ என்றார்.

முதல் இருவரின் பேச்சை எதிர்ப்பது எமக்குப் பழகிய காரியம். மூடநம்பிக்கையைப் பற்றியும் போலிக் கௌரவத்தைப் பற்றியும் இத்தகைய ஏடுகள் வேண்டிய மட்டும் எழுதியுள்ளன. இன்று எமது வழக்கு மூன்றாமவரோடு. ஏனெனில், அவர் அவ்வாறு கூறியபோது அங்கிருந்து தலையசைத்தவர்களுள் நாமும் இருந்தோம்.

தோழரின் கூற்றிலே பாதி உண்மை உண்டு. அதனாலேயே அது ஆபத்தானது. மனநோவின் வேர்கள் சமுதாயத்திலும் உள்ளன என்பதை மறுப்பவர் யார்? காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாயின் துயரை அவளது மூளையிலே மட்டும் தேடுபவன் மூடன். நுண்நிதிக் கடனுக்கு வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவனுக்கு அஞ்சி ஒளியும் பெண்ணின் நெஞ்சிடிக்கும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவனின் நித்திரையின்மைக்கும் சமுதாயக் காரணம் உண்டு. அரசின் நடவடிக்கை உயிர்காக்கும் என்பதற்கும் இந்நாடே சான்று. 1995 ஆம் ஆண்டளவில் 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்ட நாடு இது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. இவற்றையெல்லாம் நாம் ஏற்கின்றோம்.

ஆனால், காரணம் சமுதாயத்தில் உள்ளது என்பதால் நோயாளிக்கு மருந்து வேண்டாம் என்று எந்த விஞ்ஞானம் கூறுகின்றது? சயரோகம் வறுமையின் நோய். நெரிசலான லயன் காம்பராவிலும் சேரியிலும் அது செழித்து வளர்கின்றது. இரத்தங்கக்கும் தொழிலாளியிடம் ‘புரட்சி வரட்டும், பொறுத்திரும்’ என்று நாம் கூறுவோமா?

இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். 1934-35 ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களிடையே முன்னின்றார். வீடு வீடாகப் பருப்பு வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். மலேரியா கொன்றதற்குப் பசியே துணைநின்றது என்பதை அவர்கள் உரத்துக் கூறினர். ஆயின், பசியே காரணம் ஆதலால் கொயினா வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. ஒரு கையிலே மருந்தையும் மறு கையிலே கண்டனத்தையும் ஏந்திச் சென்றனர். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது, இவ்வாறு கிராமங்களில் அலைந்தவர்களே அதன் முன்னணியில் நின்றனர். அவர்களின் வழிவந்தோம் என்று பெருமை பேசும் நாம், மனநோவுற்ற தோழனிடம் மட்டும் வெறுங்கையோடு செல்வது எந்த நியாயம்?

காரணம் சமுதாயத்தில் இருக்கலாம். நோவு மனிதனில் இருக்கின்றது. நித்திரையற்றவனால் போராட இயலாது. கூட்டத்துக்கு வரவே உடல் மறுப்பவனிடம் ‘மக்களோடு கலந்துவிடும்’ என்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது.

சிகிச்சை என்பது யாது? அது மதிலுக்குள் அடைபடுவதன்று. மனச்சோர்வும் பதகளிப்பும் உற்றோரிற் பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று சுகம்பெறலாம். முதலிலே வைத்தியர் கேட்பார். இரத்தச்சோகை, தைரொயிட்டுச் சுரப்பியின் குறை முதலியன இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் ஆதலின் உடலையும் பரிசோதிப்பார். நோய் மெலிதாயின் முறையாகப் பயின்றவரிடம் பலமுறை உரையாடும் உளவளத்துணையே போதியதாகலாம். கடுமையாயின் மருந்தும் வேண்டும். மனச்சோர்வுக்குரிய மருந்துகள் நித்திரைக் குளிசைகள் அல்ல. அவற்றைப்போல் அடிமைப்படுத்துவனவும் அல்ல. அவை பலன்தரச் சில வாரங்கள் செல்லும். முதல் வாரத்திலே ‘ஒன்றும் பயனில்லை’ என எறிந்துவிடுதலும், சிறிது சுகம் கண்டதும் திடீரென நிறுத்திவிடுதலும் தவறு. சுகம் கண்ட பின்னரும் சில மாதங்கள் வைத்தியரின் சொற்படி தொடர வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தலாகாது. உயிரை மாய்க்க முயலுதல் இந்நாட்டிற் சட்டப்படி குற்றமாயிருந்த நிலை 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டமே கைவிட்ட பழியை நாம் ஏன் சுமத்த வேண்டும்? தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

இவையனைத்தும் குறைவற நடைபெறுகின்றன என நாம் கூறவரவில்லை. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். அது மக்கள் பெற்ற பெரும் உரிமை. ஆனால், காலை முதல் வரிசையிற் காத்திருப்பவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. உளமருத்துவர் தொகை தேவைக்குப் போதாது. இருப்போரும் நகரங்களிலேயே குவிந்துள்ளனர். தமிழிலே தன் துயரைச் சொல்ல வேண்டிய மலையகத் தொழிலாளிக்குத் தமிழறிந்த துணையாளர் கிடைப்பது அரிது. 2022 ஆம் ஆண்டிலே நாடெங்கும் மருந்துகளே கிட்டாமற் போயின. இக்குறைகளைக் கண்டு சிகிச்சையை வெறுப்பது பிற்போக்கு. ஆதார வைத்தியசாலை தோறும் மனநலப் பிரிவும், பாடசாலை தோறும் பயின்ற உளவளத்துணையாளரும், தட்டுப்பாடற்ற மருந்தும் வேண்டுமெனக் கேட்பதே முற்போக்கு. சம்பளக் கோரிக்கையோடு இக்கோரிக்கையையும் ஆசிரியர் சங்கங்கள் ஏன் முன்வைக்கலாகாது?

அதற்கு முன் செய்யவேண்டிய பணிகள் சில உண்டு. அவற்றுக்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆசிரியர் அறையிலே ‘அங்கொடை’ என்னும் வசையை ஒழிப்போம். திடீரெனப் பின்தங்கும் மாணாக்கரைச் சோம்பேறி என்று ஏசுமுன் ஒரு முறை தனியே அழைத்து வினவுவோம். தோழர் ஒருவர் நித்திரை இல்லை என்றால், தத்துவம் பேசாது, அவரோடு வைத்தியசாலைக்குச் சென்று வரிசையில் அருகே அமர்ந்திருப்போம்.

எம் நண்பர் இறுதியிலே சிகிச்சைக்குச் சென்றார். தம்மை அறிந்தவர் எவரும் காணலாகாதென்று, பேருந்தேறி வேறொரு பட்டினத்துக்குத் தனியே சென்றார். ஆறு மாதங்களில் கரும்பலகையின் முன்னே மீண்டும் தலைநிமிர்ந்து நின்றார். இன்று எம்மோடு கூட்டங்களுக்கும் வருகின்றார். ஆனால், அவர் இழந்த அந்த இரு ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அவற்றுட் சில மாதங்களையாவது அவரிடமிருந்து பறித்தவர்கள் நாமே. இதனை ஒப்புக்கொள்ளாது சமுதாய மாற்றம் பற்றிப் பேசும் உரிமை எமக்கில்லை.