மடியில் கனம் வேண்டும்!

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள் பெரியவர்கள். மடியில் நாய் வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனம் இல்லாவிட்டால்தான் பயம்!

வாசலும் கிடையாது, கொல்லையும் கிடையாது, மூன்றாம் மாடியில் குடித்தனம். இப்படிப்பட்ட பட்டணத்து வீட்டில் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சின்ன ஜாதியாகப் பார்ப்பது நியாயமே. கொஞ்சமாகச் சாப்பிடும், தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், பாட்டியின் மடியிலும் சமர்த்தாக உட்காரும். ஆனால் இந்தச் 'சின்ன' ஆசைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எதிர்வீட்டில் மூன்று கிலோ நாய் இருந்தால் நமக்கு இரண்டு கிலோவில் வேண்டும். அதுவும் கிடைத்துவிட்டால், ஒரு கிலோவில் உண்டா என்று விசாரிக்கத் தோன்றுகிறது. புடவைக்குச் ஜரிகை அகல அகல மவுசு. நாய்க்கோ உருவம் குறுகக் குறுக மவுசு!

இந்த மோகம் நேற்று வந்ததல்ல. பாமரேனியனையே எடுத்துக் கொள்ளுங்கள். பால்டிக் கடலோரத்துப் பாமரேனியா பிரதேசத்தின் பெயரைத் தாங்கிய இந்த நாயை 1767-ல் ஷார்லட் ராணி இங்கிலாந்துக்கு வரவழைத்தார். அப்போது அது மடியில் அடங்குகிற உருவமாக இல்லை. 20, 30 ராத்தல் எடையுள்ள கட்டுமஸ்தான நாய். அந்த ராணியின் பேத்திதான் விக்டோரியா மகாராணி. 1888-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்குப் போனவர், 12 ராத்தலே எடையுள்ள மார்க்கோ என்ற பாமரேனியனைக் கண்டு மயங்கி, கையோடு வாங்கி வந்துவிட்டார். 1891-ல் லண்டனில் நடந்த கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் மகாராணியின் நாய்களும் இடம் பெற்றன. மகாராணி எவ்வழி, சீமாட்டிகள் அவ்வழி! எல்லாரும் சின்னதாகக் கேட்டார்கள். வளர்ப்பவர்கள் சின்னதோடு சின்னதைச் சேர்த்து மேலும் சின்னதாக்கினார்கள். 1901-ல் மகாராணி கண்ணை மூடியபோது படுக்கையில் அருகே இருந்ததும் டூரி என்ற பாமரேனியன்தான்.

இன்று அமெரிக்கக் கென்னல் கிளப்பின் விதிப்படி பாமரேனியனின் எடை 3 முதல் 7 ராத்தல்; அதாவது சுமார் ஒன்றரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ. பாவம், மார்க்கோ இப்போது பிறந்திருந்தால் 'தடியன்' என்று ஒதுக்கியிருப்பார்கள்!

சின்ன உருவத்தால் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது பிழைத்த நாய்கள் மூன்றே மூன்று. இரண்டு பாமரேனியன், ஒன்று பெக்கினீஸ். உடையவர்கள் கையில் தூக்கிக்கொண்டு படகில் ஏற முடிந்ததால் பிழைத்தவை அவை.

உருவம் சிறுப்பதற்கான வித்து இயற்கையிலேயே இருக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் சுரப்புக்கான மரபணு ஒன்றுக்கு இதில் பெரும் பங்கு உண்டென்று 2007-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். நாயைச் சிறியதாக்கும் அந்த வேறுபாடு, 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஓநாயிடமே இருந்தது என்பது 2022-ல் வெளியான சேதி. வித்து இயற்கையுடையது, அதை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இழுத்தால் என்ன ஆகும்? உடம்பைச் சுருக்கலாம், உள்ளே உள்ள சாமான்களைக் குறைக்க முடியாதே! கன்றுக்குட்டி போன்ற கிரேட் டேன் நாய்க்கும் 42 பல்தான். உள்ளங்கை நாய்க்கும் 42 பல்தான். அத்தனையும் அந்தச் சொப்பு வாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பால் பல் விழாமல் அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. முன்னங்கால் எலும்பு பென்சில் பருமன். சோபாவிலிருந்து குதித்தாலே முறிந்து போகலாம். முழங்கால் சில்லு அடிக்கடி நழுவும். மூச்சுக்குழல் தளர்ந்திருந்தால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்ததும் இருமத் தொடங்கும். இதற்கு மார்போடு கட்டும் வாரே நல்லது. சில குட்டிகளுக்கு உச்சிக்குழி மூடாமலே இருந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது இன்னொன்று. மிகச் சின்னக் குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். துவளும், நடுங்கும், வலிப்பும் வரலாம். நாளைக்கு நாலு வேளையாவது சிறுகச் சிறுக ஆகாரம் கொடுக்க வேண்டும். துவண்டுவிட்டால் ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு, உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும்.

பிரசவமும் லேசல்ல. தாயின் இடுப்பு குறுகல். குட்டியின் தலை உருண்டை. ஆபரேஷன் வரை போகும். பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் விதியில் ஆண் பாமரேனியனுக்கு 1.8 முதல் 2 கிலோ. பெண்ணுக்கோ 2 முதல் 2.5 கிலோ. பெண்ணுக்குத்தான் எடை கூட! பிள்ளை பெறுகிறவளுக்குத் தெம்பு வேண்டாமா?

"இதற்கு மேல் வளரவே வளராது, அம்மா! டீக்கப் ஜாதி!" என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள். அப்படி ஒரு ஜாதியைக் கென்னல் கிளப்புகள் அங்கீகரிக்கவில்லை. அது ஒரே ஈற்றில் பிறந்த சவலைக் குட்டியாக இருக்கலாம். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்கிற குட்டியாகவும் இருக்கலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017-ல் நம் நாட்டில் வந்த விதி. ஆகவே முதலில் வயதைக் கேளுங்கள். பிறகு தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் எடையைக் கேளுங்கள். உடன்பிறந்த குட்டிகளில் ஓடியாடுகிறதை எடுங்கள்; மூலையில் ஒடுங்கியிருப்பதை 'சமர்த்து' என்று எண்ணிவிடாதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீடானால், ஒரு கிலோ நாய் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் பலர் பாமரேனியன் என்று சொல்லி வளர்ப்பது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வம்சம். நம் வெயிலுக்குப் பழகியது. அதில் சின்ன ரகம் 5 முதல் 7 கிலோ இருக்கும். படத்தில் பார்த்த பொம்மை மாதிரி இல்லையே என்று குறைப்படாதீர்கள். மகாராணி மயங்கிய மார்க்கோவுக்கும் ஏறக்குறைய அதே எடைதான். அவர் மடிக்கு அது கனக்கவில்லை!