வராத ரீஃபண்ட்

2023-ல் என் கணவருக்கு வர வேண்டிய வருமான வரி ரீஃபண்ட் 8,400 ரூபாய் வரவேயில்லை. 2012-13-ம் வருஷத்து வரி பாக்கிக்கு ஈடு செய்துவிட்டார்களாம். சம்பளத்தில் அப்போதே பிடித்த வரிதான். பழைய கம்பெனி பான் நம்பரைத் தப்பாக எழுதியதால் கணக்கில் ஏறவில்லை!

245-ம் பிரிவின்படி, எடுக்குமுன் கேட்டு மெயில் வந்திருக்கிறது. இவர் திறந்து பார்த்தால்தானே? மறுத்துப் பதில் போட ஃபார்ம் 16 என் பீரோவில் புடவைக்கு அடியிலேயே இருந்தது.

2024 பட்ஜெட்டில் அந்த வருஷத்துப் பாக்கி 10,000 ரூபாய் வரை தள்ளுபடி என்றார்கள். ஏற்கெனவே பிடித்தது திரும்பாதாம்.

இந்த மாதிரி விஷயத்துக்கு வீட்டுக்கு ஒரு தபாலும் போட்டால் என்ன? தபாலைப் பிரிப்பது நாம்தானே! இப்போது அவர் மெயிலையும் வாரம் ஒருமுறை நான்தான் பார்க்கிறேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.