இரண்டும் இருக்கட்டும்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதன் பிறகு திண்டுக்கல்லில் என் பழுதுபார்ப்புக் கடைக்கு வரும் பழைய லேப்டாப்களில் பலவற்றுக்கு நோயே கிடையாது. கீபோர்டு நன்றாக இருக்கும், திரையில் ஒரு கோடு விழுந்திருக்காது. விண்டோஸ் 11 மட்டும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று அது கணக்குப் பேசும். “அண்ணே, இதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரவா?” என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்கிறேன். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுகிறேன். இருக்கிற விண்டோஸில் கை வைக்காமல், பக்கத்தில் இடம் ஒதுக்கி லினக்ஸ் மின்ட் ஏற்றித் தருகிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் எதற்குள் போகலாம் என்று ஒரு பட்டியல் கேட்கும். வங்கி, மின்னஞ்சல், யூடியூப் எல்லாம் லினக்ஸில். விண்டோஸுக்குள் போனால் வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

விண்டோஸை ஏன் விட்டுவைக்கிறாய், துடைத்துப் போட வேண்டியதுதானே என்று கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கோபிப்பார்கள். இப்படி இரண்டையும் வைக்கும் இரட்டை பூட் அவர்கள் கண்ணுக்குக் கோழைத்தனம். அவர்கள் சொல்லும் கொள்கையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் டேலியில்தான் வேலை, அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் இன்றும் பேஜ்மேக்கர்தான். இருபது வருஷத்து வார்ப்புருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை வேறெங்கே திறந்தாலும் தமிழ் வராது, கிறுக்கல்தான் வரும். ஸ்டுடியோக்காரருக்கு ஆல்பம் செய்ய போட்டோஷாப் இல்லாமல் கை ஓடாது. இவர்களிடம் போய் “மாறிவிடுங்கள்” என்றால், மாறமாட்டார்கள்; லினக்ஸ் என்ற பேரைக் கேட்டாலே பயப்படுவார்கள். இரண்டையும் வைத்துக் கொடுத்தால் வீட்டுப் பிள்ளை ஒருநாள் சும்மா அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். தமிழ்99 விசைப்பலகை அங்கேயும் காசில்லாமல் கிடைக்கிறது என்று கண்டுபிடிக்கும். ஆள் சேர்வது அப்படித்தான்.

இதில் வில்லங்கம் இல்லாமலில்லை. விண்டோஸை நாம் அணைத்தாலும், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால் அது முழுசாக அணையாது, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் டிரைவில் எழுதப் போனால் கோப்புகள் கெடலாம். முதல் வேலை அதை நிறுத்துவது. புதிய இயந்திரங்களில் பிட்லாக்கர் தானாகவே டிஸ்க்கைப் பூட்டியிருக்கக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் டிஸ்க் பிரிவுகளைத் தொடுவது வம்பை விலைக்கு வாங்குவது. டிஸ்க்கைச் சுருக்குவதை விண்டோஸுக்குள் இருந்தே செய்வது நல்லது. பென்டிரைவில் பேக்கப் எடுக்காதவரின் லேப்டாப்பை நான் திறப்பதே இல்லை.

கடிகாரம் ஒரு தனிக் கதை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் கிடக்கும். இணையம் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே திருத்திக்கொள்ளலாம். நான்தான் வைஃபையை அணைக்கச் சொல்லியிருக்கிறேனே! எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் விடியற்காலை நாலு மணிக்கு பில் போடுகிற கமிஷன் கடைக்கு நேற்று இரவு பத்தரை என்று தேதி விழும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். அதை அடிக்காமல் எந்த லேப்டாப்பையும் கடையை விட்டு அனுப்பக்கூடாது.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை அனுப்பியது. இரட்டை பூட் உள்ள கணினிகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. உலகம் முழுக்கப் பலருக்கு லினக்ஸ் திறக்க மறுத்தது. வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கும் இன்னொருவரை நினைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே குறைவு என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு.

ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி காஸே தொடங்கிய பீ நிறுவனம் பீஓஎஸ் என்றொரு இயங்குதளம் செய்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானின் ஹிட்டாச்சி, தன் ஃப்ளோரா ப்ரியஸ் கணினிகளில் விண்டோஸோடு அதையும் சேர்த்து விற்றது. டிஸ்க்கில் பீஓஎஸ் இருந்தது. தொடக்கப் பட்டியலில்தான் இல்லை. வாங்கியவர் தானே முயன்று வெளியே எடுத்தால்தான் உண்டு. உற்பத்தியாளர்களோடு மைக்ரோசாஃப்ட் போட்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்று பீ நிறுவனம் 2002-இல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கொடுத்து, தவறை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசாஃப்ட் வழக்கை முடித்தது. பீ நிறுவனம் அதற்குள் தன் சொத்தையெல்லாம் விற்றுவிட்டிருந்தது.

ஆக, பட்டியலில் பேர் வருவதுதான் எல்லாம். உள்ளே இருந்தும் கண்ணுக்குத் தெரியாதது இல்லாததற்குச் சமம்.

நம்மூரில் இது வேறு விதமாக நடந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்து என் கடைக்கு வந்தவற்றில், விண்டோஸோடு சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனமும் அதை மறைக்கவில்லை. “இடம் அடைக்குதுண்ணே, எடுத்துருங்க” என்று பிள்ளைகள் வந்தார்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கூலி வாங்கிக்கொண்டு எடுத்தார்கள். அது எதற்கு என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவர் இல்லை. லேப்டாப் கொடுத்ததற்கு விழா நடந்தது. பட்டியலில் இரண்டாவது வரி என்ன என்று காட்ட ஒரு பாடவேளை நடந்ததாக எந்த மாணவரும் என்னிடம் சொன்னதில்லை.

அரசு லேப்டாப் கொடுக்கும்போதெல்லாம் இரண்டும் இருக்கட்டும், கூடவே அந்தப் பாடவேளையும் இருக்கட்டும். பாலிடெக்னிக் ஆய்வகங்களில் ஓரம்கட்டிய பழைய கணினிகள் கிடக்கின்றன. அவற்றில் மாணவர்களே டிஸ்க்கைப் பிரித்து, ஏற்றி, கெடுத்து, மறுபடி ஏற்றிப் பார்க்கட்டும். கடைக்காரர்கள் பங்குக்கு, பாஸை அழிக்கச் சொல்லி வருகிறவரிடம் அழிப்பதற்கு முன் அதை ஒருமுறை திறந்து காட்டலாம். நான் காட்டியவர்களில் சிலர் “சரி, இருக்கட்டும்” என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

லினக்ஸ் பட்டியல் பெரும்பாலும் பத்து நொடி நிற்கும். விண்டோஸ் மட்டுமே பழகியவர்களுக்கு அதையே முதல் தேர்வாக வைத்துக் கொடுக்கிறேன், பேசாமல் இருந்தால் அதற்குள் போய்விடும். பத்து நொடியெல்லாம் காத்திருக்க முடியாது என்கிறவர்களுக்கு மூன்றாகக் குறைத்துத் தருவேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.