பாம்புக்கும் பயம் உண்டு

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது நம் முன்னோர் மொழி. படை நடுங்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் படையைக் கண்டு பாம்பு நடுங்குமா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நடுங்கும் என்பதே என் கருத்து. அஞ்சிய பாம்பை அமைதிப்படுத்த விரும்புவோர் முதலில் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும், பாம்பிடம் நாம் காட்டக்கூடிய மிகப் பெரிய அன்பு அதனைத் தொடாமல் விடுவதே என்பதையும் என் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. ஓர் ஐப்பசி மழையின்போது, அடையாற்றில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஆறடி நீளப் பாம்பொன்றைக் கண்டேன். கண்டதும் அலறினேன். என் அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கழிகளோடு ஓடி வந்தனர். பாம்போ சுவர் மூலையில் ஒடுங்கி, கழுத்தைப் புடைத்துக்கொண்டு சீறியது. "நல்ல பாம்பு! கடிக்க வருது, அடி!" என்று யாரோ கூவினார். அடுத்த சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு, தெருவில் தோட்ட வேலை செய்யும் தாத்தா அதைக் கழியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சாரைம்மா. இதுக்கு விஷமே கிடையாது. எலி தின்ன வந்திருக்கும், பாவம்" என்றார். அன்றிரவு குடும்ப ஜெபமாலையில் என் மனம் ஒன்றவில்லை. கழியெடுத்தவர்கள் மற்றவர்கள்தாம், ஆனால் கழியை அவர்கள் கையில் கொடுத்தது என் அலறல் அல்லவா?

அந்தச் சாரை ஏன் சீறியது? கடிக்கும் ஆசையாலா? இல்லை. ஓட வழியில்லாத பாம்பு தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும். நாகம் படம் எடுக்கும். சாரை கழுத்தை உப்ப வைத்து உறுமும். கண்ணாடி விரியன் குக்கரில் ஆவி வெளியேறுவதுபோல் சீறும். இவை யாவும் "அருகில் வராதே" என்னும் வேண்டுகோளே. பாம்புக்குக் கண்ணிமை இல்லை. ஆகவே அஞ்சினாலும் கண்ணை மூடிக்கொள்ள அதனால் இயலாது. அதற்குப் புறச்செவியும் இல்லை. தரையின் அதிர்வு அதன் தாடையெலும்பு வழியாக உட்செவியை அடைகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது ஓரளவு உணர்வதாக அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் கொல்லையில் பத்துப் பேர் திபுதிபுவென்று ஓடி வந்த அதிர்வு அந்த எளிய உயிருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மயிலாப்பூரில் வளர்ந்த என் பாட்டி, புன்னாகவராளி பாடினால் பாம்பு வரும் என்று சொல்லி, விளக்கு வைத்த பிறகு அந்த இராகத்தை முணுமுணுக்கவும் விடமாட்டார். மகுடிக்குப் பாம்பு ஆடுகிறது என்றும் நாம் நம்பி வந்திருக்கிறோம். உண்மையில் அது மகுடியின் அசைவைக் கண்கொட்டாமல் கவனிக்கிறது. எங்கே தன்னைத் தாக்க வருகிறதோ என்று அதற்கேற்பத் திரும்புகிறது. நாம் நடனம் என்று கைதட்டுவது ஓர் உயிரின் அச்சத்தையே! புற்றில் ஊற்றும் பாலும் அவ்வாறே. பால் பாம்பின் உணவன்று. எலி, தவளை, பல்லி, பறவை, முட்டை, பிற பாம்பு என்று இனத்துக்கேற்ப அதன் இரை அமைகிறது. சாரையும் நாகமும் பிணைகின்றன என்று சொல்லப்படும் காட்சியும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தமே என்கின்றனர் அறிஞர்.

அப்படியானால் அஞ்சிய பாம்பை அமைதிப்படுத்துவது எவ்வாறு? கனடாவில் வாழும் என் அத்தை மகன் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறான். அச்சம் வந்தால் அது தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடுமாம். வாங்கி வந்த முதல் வாரம் அதை அவன் தொடவே இல்லை. உடம்பு சுவரில் படும்படி ஒண்டிக்கொள்ள இருண்ட சிறு பெட்டியொன்றை வைத்து, அருகே தண்ணீரும் வைத்து விலகியிருந்தான். பிறகும் மேலிருந்து கையை நீட்டுவதில்லை. மேலிருந்து வருவது பருந்தின் வழி. பக்கவாட்டில் மெல்லக் கையை நீட்டி, தலையைப் பிடிக்காமல், உடலின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் தாங்கி எடுப்பான். இரை தின்ற பின் இரண்டு நாள் தொடமாட்டான். தோலுரிக்குமுன் கண்கள் பால்போல் மங்கியிருக்கும் நாட்களிலும் தொடமாட்டான். கழுத்தை வளைத்து 'எஸ்' எழுத்துப்போல் நின்றாலோ, சீறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். "அவசரப்பட்டால் ஒரு மாத நம்பிக்கை ஒரு நிமிடத்தில் போய்விடும்" என்று எழுதியிருந்தான். "அது என்னை நேசிப்பதாக நான் நினைக்கவில்லை. என்னைக் கண்டு அஞ்சாமல் இருக்கப் பழகியிருக்கிறது, அவ்வளவே" என்ற அவனுடைய அடுத்த வரி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது.

இந்தப் பொறுமைக் கல்வியைத் தேடிக் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் நகரத்திலேயே கிண்டியில், சிறுவர் பூங்காவை அடுத்துப் பாம்புப் பண்ணை இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து இந்தியக் குடிமகனான ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் கிண்டியில் அதனை அமைத்தார். பாம்பென்றால் கொல்லவேண்டியது என்று எண்ணியிருந்த சென்னை மக்களுக்கு அதைப் பார்த்து அறியவேண்டியது என்று கற்பித்த இடம் அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருக்குத் துணைநின்று பாம்பறிவைப் புகட்டியவர்கள் நம் செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் பெருமக்கள்.

இருளர் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்பிழந்த அவர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. வனத்துறை அனுமதித்த அளவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து உண்டாகிறது. அவர்கள் பாம்பைப் பிடிக்கும்போது கூச்சலில்லை, பரபரப்பில்லை. இருண்ட பானையின் வாயைக் காட்டினால், ஒளியிடம் தேடும் பாம்பு தானே உள்ளே நுழைந்துவிடுகிறது. அச்சத்தை அறிந்தவனுக்கு அடிக்கவேண்டிய தேவை இல்லை. இது தலைமுறை தலைமுறையாய்க் கற்ற கலை. தோழியர் எவரும் பார்த்துவிட்டுச் செய்ய முயலவேண்டாம்!

"அப்படியானால் நாமும் ஒரு பாம்பை வளர்த்து அன்பு காட்டலாமே" என்று சில தோழியர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. வெறுப்பைவிட விருப்பம் மேல் அல்லவா? ஆயினும் நான் இதற்கு உடன்படமாட்டேன். முதலாவது, நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இரண்டாவது, விற்பனைக்கு வரும் பாம்புகள் எந்த வழியில் வருகின்றன என்று பாருங்கள். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பயணிகளின் பெட்டிகளிலிருந்து மலைப்பாம்புக் குட்டிகளைப் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். துணிகளுக்கு நடுவே மூச்சுத் திணறக் கடல் கடந்து வரும் உயிருக்கு நாம் அதன்பின் காட்டும் அன்பு எவ்வளவு காலம் கடந்தது!

மூன்றாவது, ஆசை தீர்ந்தபின் என்ன நேரும்? அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் சதுப்பு நிலத்தில் பெருகின. அவற்றால் அங்கிருந்த முயல், ரக்கூன் போன்ற விலங்குகள் பெரிதும் அருகிவிட்டன. அவற்றைப் பிடிக்க வழி தெரியாமல் 2017-இல் அவர்கள் அழைத்தது யாரைத் தெரியுமா? நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்! முதல் மாதத்திலேயே அவர்கள் பத்துக்கு மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் கைவிடப்பட்ட செல்லப் பிராணிகளைப் பிடிக்கக் கடல் கடந்து ஆள் போகவேண்டி வந்தது பெருமைக்குரியதா?

பெற்றோர் கூறும் மறுப்பையும் நான் மறக்கவில்லை. "கடித்தால் யார் பொறுப்பு?" என்பர். அந்த அச்சம் பொய்யன்று. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களின் ஏழை மக்கள். தமிழக அரசும் 2024-இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டியவற்றுள் சேர்த்துவிட்டது. ஆகவே பாம்போடு விளையாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாம்பை அடிக்கக் கிட்டே போவதும் பிடிக்கக் கிட்டே போவதும் ஒரே ஆபத்து என்றுதான் சொல்கிறேன். நாலைந்து முழம் விலகி அசையாமல் நின்று, அது போக வழிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கதவைச் சாத்தி, இடுக்கைத் துணியால் அடைத்து, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவிக்கலாம். கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இது ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் மலர். ஆகையால் இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. அன்னை மரியின் திருவடியின் கீழ் நசுங்கிக் கிடக்கும் பாம்பின் சொரூபத்தைச் சிறு வயதிலிருந்தே கண்டு வருகிறோம். அந்தப் பாம்பு பாவத்தின் உருவகம். எங்கள் கொல்லையில் எலி தேடி வந்த சாரையன்று. கடவுள் படைத்த உயிர்களை நல்லவை எனக் கண்டார் என்று ஆதியாகமம் கூறும்போது, ஊர்வன அதில் விலக்கப்படவில்லை. ஆண்டவரே தம் சீடர்களுக்கு விவேகத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாம்பையல்லவா காட்டினார்! அசிசியின் புனித பிரான்சிஸ் எல்லா உயிர்களையும் உடன்பிறப்பாக நேசித்தார். அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் மதிப்பு உண்டென்று வற்புறுத்தினார். அழகான முயலுக்கும் புறாவுக்கும் இரங்குவது எளிது. நம்மை அஞ்ச வைக்கும் உயிருக்கு இரங்குவதிலேதான் நம் இரக்கம் அளக்கப்படுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஆண்டுதோறும் ஒரு வகுப்பையேனும் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாரைக்கும் நாகத்துக்கும் வேறுபாடு தெரிந்த மாணவி ஒருத்தி ஒரு தெருவையே அமைதிப்படுத்துவாள். பள்ளிக் காவலாளியின் அறையிலும் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் வனத்துறையின் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

அன்று நான் அலறாமல் ஒரு நிமிடம் நின்றிருந்தால், அந்தச் சாரை மதில் ஓரத்து நீர்த்தாரை வழியாக ஆற்றங்கரைக்குப் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. இதைப் படிக்கும் தோழி எவரேனும் வரும் மழைக்காலத்தில் அந்த ஒரு நிமிடத்தைத் தன் கொல்லைக்கு வரும் பாம்புக்குக் கொடுப்பாராயின், நான் இதை எழுதியது வீண்போகாது.