சைவமா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

எங்கள் குடும்பம் சுத்த சைவம். என் தங்கை ஆறு மாத கர்ப்பிணி. டாக்டர் எழுதித் தந்த சத்து மாத்திரைகளில் ஒன்று, மஞ்சள் நிறத்தில் எண்ணெய் அடைத்த உருண்டையாக இருந்தது. ஒரு மாதமாக விழுங்கி வந்தாள். திடீரென ஒரு நாள் அவளது மாமியார் அட்டையைப் படித்து விட்டு, 'ஐயையோ... இது மீன் எண்ணெயாம்டி!' என்று கத்த, வீடே ரெண்டுபட்டது. தங்கை அழுது, குமட்டி, கடைசியில் இரும்புச்சத்து மாத்திரையைக் கூட தொட மாட்டேன் என்று நிறுத்தி விட்டாள்.

எனக்குப் பதறிப் போனது. எதிர் வீட்டுப் பெண் கல்லூரியில் உயிர் வேதியியல் படிக்கிறாள். அவளிடம் விசாரித்தேன்.

குழந்தையின் மூளைக்கும், கண்ணுக்கும் வேண்டிய, 'டி.எச்.ஏ.,' என்ற ஒமேகா 3 கொழுப்பு, மீனுக்கே கடலில் உள்ள நுண்ணிய பாசியிலிருந்து தான் வந்து சேருகிறதாம். அந்தப் பாசியையே தொட்டியில் சர்க்கரைச் சத்து கொடுத்து வளர்த்து, எண்ணெயைப் பிரித்து எடுக்கிறார்கள். பிறகு, ஆய்வுக்கூடக் கருவியில் செலுத்தினால், ஒவ்வொரு கொழுப்பும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். அதை வைத்து இன்னது, இவ்வளவு என்று கண்டுபிடிப்பார்களாம். அமெரிக்காவில், 2002லிருந்தே குழந்தைகளின் பால் பவுடரில் இந்தப் பாசி எண்ணெய் சேர்க்கப்படுகிறது.

ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா 3. அதில் சொற்பத்தைத் தான் உடம்பு டி.எச்.ஏ.,வாக மாற்றும். சுருள்பாசி மாத்திரையும் பாசி தானே என்று நினைத்தால் ஏமாந்து போவோம், அதில் டி.எச்.ஏ., இல்லை என்றே சொல்லலாம்.

விஷயத்தை டாக்டரிடம் சொன்னதும், பாசி எண்ணெய் மாத்திரையாக மாற்றித் தந்தார். விலை கொஞ்சம் கூடுதல் தான். ஆனாலும், தங்கை இப்போது இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

டாக்டர்களே... மருந்து எழுதும் முன், 'நீங்க சைவமாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாமியார்களே... மாத்திரை பிடிக்கவில்லையா? டாக்டரிடம் போய்ச் சண்டை போடுங்கள். பிள்ளைத்தாய்ச்சியை அழ வைக்காதீர்கள். சகோதரிகளே... ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், வயிற்றுப் பிள்ளைக்காக விழுங்கும் மாத்திரையின் அட்டையையும் ஒரு முறை படித்துப் பார்க்கலாமே!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.