தரையிலிருந்து எழும்போது தொடையைப் பிடிக்கிறானா? லிவர் டெஸ்ட்டோடு நின்றுவிடாதீர்கள்!

ஐந்து வயதுப் பையன். ஸ்கூல் மாடிப்படியில் மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஏறிப்போன பிறகு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வருகிறான். ஓடச் சொன்னால் அசைந்து அசைந்து ஓடுகிறான், அடிக்கடி விழுகிறான். ``அவன் அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்'' என்கிறார் பாட்டி. கெண்டைக்கால் நன்றாக உருண்டு திரண்டிருப்பதால், `புள்ள புஷ்டியாத்தானே இருக்கான்' என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

ஒருநாள் காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் எகிறிக் கிடக்கின்றன. `லிவர்ல ஏதோ பிரச்னை' என்கிறார்கள். வயிற்று ஸ்கேன், மஞ்சள் காமாலைக்கான டெஸ்ட்டுகள், வீட்டில் கீழாநெல்லி, எண்ணெய் இல்லாத சாப்பாடு என்று மாதங்கள் ஓடுகின்றன. அந்த எண்கள் மட்டும் இறங்குவதே இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. `டுஷேன்' எனப்படும் தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்தப் பாதையில் ஏதாவது ஓரிடத்தைக் கடந்துதான் வருகிறார்கள். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில்கூட, பெற்றோர் முதல் அறிகுறியைக் கவனித்ததற்கும் நோய் உறுதியானதற்கும் நடுவே சராசரியாக இரண்டரை வருடம் கழிந்திருந்தது.

லிவர் மீது ஏன் பழி விழுகிறது?

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டையும் `லிவர் என்சைம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், இவை தசையிலும் இருக்கின்றன. தசை நார் உடைந்தால் இவையும் ரத்தத்தில் கசியும். ரிப்போர்ட்டில் பிலிருபின் நார்மல், ஜி.ஜி.டி. நார்மல், இந்த இரண்டு மட்டும் அதிகம் என்றால் சந்தேகம் தசைப் பக்கம் திரும்ப வேண்டும். ஏனென்றால், ஜி.ஜி.டி. தசையிலிருந்து வருவதில்லை.

அடுத்து கேட்க வேண்டியது சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. சில லேப்களில் சி.கே. என்று போட்டிருப்பார்கள். சில நூறு ரூபாய்தான். பொதுவாக 200 யூனிட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு, டுஷேன் உள்ள பிள்ளைக்கு பல ஆயிரங்களில் இருக்கும். 10,000-ஐத் தாண்டுவதும் சகஜம். நடை மாறுவதற்கு முன்பே, பிறந்ததிலிருந்தே இது அதிகமாக இருக்கும் என்பதுதான் முக்கியம். விழுந்து அடிபட்டாலோ, தசையில் ஊசி போட்டிருந்தாலோ, ஆட்டம் போட்டிருந்தாலோ சி.பி.கே. கொஞ்சம் ஏறும். அப்படிச் சந்தேகம் இருந்தால் சில நாள்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் நிற்கும் எண்ணை விளையாட்டுக் களைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு டெஸ்ட் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். இடுப்பிலும் தொடையிலும் பலம் குறைந்த பிள்ளை நேராக எழுந்திருக்காது. குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பிலேயே ஏணி ஏறுவதுபோல நிமிரும். வில்லியம் கவர்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1879-ல் விவரித்ததால் இதற்கு `கவர்ஸ் அறிகுறி' என்று பெயர். டாக்டர் அறைக்குள் போனதும் பிள்ளை அழுது அடம்பிடிக்கலாம். அதனால், வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாட்டி பெருமைப்பட்ட அந்தக் கெண்டைக்காலும் ஓர் அறிகுறிதான். தசை அழியும் இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து பருமனாகக் காட்டும். குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் நடப்பது, 18 மாதமாகியும் நடக்காமல் இருப்பது, பேச்சு தாமதமாவது இவையும் உண்டு.

தசையா, நரம்பா?

பலவீனம் என்றாலே `நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி சத்து ஊசி போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் பாதம், கைவிரல்களில் மரத்துப்போவதும் எரிச்சலும் சேர்ந்து வரும். தசை நோயில் உணர்வு அப்படியே இருக்கும். முதலில் இடுப்பு, தொடை, தோள்தான் தளரும். விதிவிலக்கும் உண்டு. `16 கோடி ரூபாய் ஊசி' என்று செய்திகளில் அடிபட்ட எஸ்.எம்.ஏ. நோய், தண்டுவடத்தின் நரம்புச் செல்களில் தொடங்குவது. அதிலும் தொடைதான் முதலில் தளரும். ஆனால், சி.பி.கே. நார்மலாகவோ சற்றே கூடியோதான் இருக்கும்.

நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் என்.சி.எஸ்., தசையில் ஊசி செருகிப் பார்க்கும் இ.எம்.ஜி. ஆகியவை இந்த மாதிரிக் குழப்பங்களைப் பிரித்துக்காட்ட உதவும். டுஷேன்தான் என்று அறிகுறியும் சி.பி.கே.-யும் சொல்லும்போது, சின்னப் பிள்ளையை ஊசியால் குத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நேரடியாக மரபணுப் பரிசோதனைக்குப் போகலாம். `டிஸ்ட்ரோபின்' என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது 79 பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் சில விடுபட்டிருக்கிறதா, இரட்டிப்பாகியிருக்கிறதா என்று எம்.எல்.பி.ஏ. டெஸ்ட் பார்க்கும். பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் மரபணுவின் எழுத்துகளை முழுவதும் படிக்க வேண்டும். அதிலும் தெரியாதபோதுதான் தசைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. எந்த எக்ஸானில் கோளாறு என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். புதிய மருந்துகளில் சில, குறிப்பிட்ட எக்ஸான் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

`முழுசா குணமாக்க முடியாத நோயை சீக்கிரம் கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது?' என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். நிறைய ஆகும். ஸ்டீராய்டு மருந்தைச் சரியான வயதில், மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கினால் பிள்ளை நடக்கும் காலம் சில வருடங்கள் கூடுகிறது. பி.டி. பீரியடில் `சோம்பேறி' என்று திட்டி மைதானத்தைச் சுற்றவைப்பது நிற்கும். பலம் வரட்டும் என்று தோப்புக்கரணம் போடவைப்பது தசையை இன்னும் உடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். இதயத்தை வருடாவருடம் எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, அடுத்த குழந்தை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா வழியாக வரலாம். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அம்மாவிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. `உன் வீட்டு ரத்தம்' என்று மருமகளைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு இதில் இடமே இல்லை. அவர் தெரிந்து கொடுத்ததும் அல்ல, தடுத்திருக்கக் கூடியதும் அல்ல. ஆனால், அவருக்கும் பரிசோதனை தேவை. கோளாறான மரபணு அவரிடம் இருந்தால் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர 50 சதவிகித வாய்ப்பு. அவருடைய ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும், கருமுட்டைகளில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். மரபணு அவரிடம் இருப்பது உறுதியானால் அவருக்கும் இதயப் பரிசோதனை வேண்டும். அக்கா, தங்கைகளுக்கும் சொல்ல வேண்டும். முதல் பையன் லிவருக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பி பிறந்துவிடும் வீடுகளில் இழப்பு இரண்டு மடங்கு.

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழ்நாட்டில் மாதாந்தர பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நோய் உறுதியான ரிப்போர்ட்டின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். கை முறிவோ, அப்பெண்டிக்ஸோ, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதை முதலில் காட்ட வேண்டும். வழக்கமாகப் பயன்படும் மயக்கவியல் மருந்துகளில் சில, இந்தப் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தானவை.